மலையில் பிள்ளைகளுக்குக் கழிப்பறைப் பழக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகத்தைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் மூத்த பெண்கள் இதை இன்னும் ‘பிள்ளைக் காம்பரா’ என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் இலை எடை போட்டுவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட வரும் அம்மாக்கள், அப்பாக்கள், பாட்டிமார் வாசலில் நின்று கேட்கும் சந்தேகங்களில் பாதி இந்த ஒண்ணுக்கு, ரெண்டுக்கு விஷயம்தான். ஒரே பதிலை நூறு தடவை சொல்லியாகிவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

டீச்சர், எந்த வயசுல ஆரம்பிக்கணும்? எங்க மாமியார், உன் புருஷனுக்கு நான் ஒரு வயசுலயே பழக்கிட்டேன்னு சொல்றாங்க.

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றரை வயதுக்கு முன்னால் மூத்திரப்பை நிறைவது குழந்தைக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் அடக்குகிற பலம் அந்தத் தசைகளுக்கு வந்திருக்காது.

மாமியார் சொல்வது பொய்யில்லை. அந்தக் காலத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் பிள்ளையை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் கொடுப்பார்கள். பால் குடித்து முடித்த நேரமாகப் பார்த்து வைப்பதால் பிள்ளையும் போய்விடும். அங்கே பழகியது பாட்டிதான். பிள்ளை எப்போது போகும் என்று அவருக்கு அத்துப்படி. அது நல்ல பழக்கம், செய்ய முடிந்தால் செய்யுங்கள். ஆனால் பிள்ளையே ‘வருது’ என்று சொல்வது வேறு கட்டம், அது பிறகுதான் வரும். இதற்காக மாமியாரோடு சண்டை வேண்டாம்.

புள்ள ரெடியா இருக்குன்னு எப்படித் தெரியும்?

பகலில் இரண்டு மணி நேரமாவது ஜட்டி நனையாமல் இருக்கும். நனைந்தால் நெளியும், இழுக்கும், உங்களிடம் வந்து காட்டும். ‘அந்தச் செருப்பை எடுத்துட்டு வா’ என்றால் புரிந்து எடுத்து வரும். கால்சட்டையைத் தானே கொஞ்சமாவது கீழே இறக்கும். எல்லாம் ஒன்றாக வர வேண்டும் என்றில்லை, இரண்டு மூன்று தெரிந்தாலே போதும்.

எனக்கு நம்பிக்கையான அடையாளம் வேறு ஒன்று. எங்கள் காப்பகத்தில் ஒரு பையன், விளையாடிக்கொண்டே இருப்பான், திடீரென்று கதவுக்குப் பின்னால் போய்விடுவான். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, யாரையும் பார்க்காமல் அசையாமல் நிற்பான். இரண்டு நிமிடம் கழித்து வந்து ஒன்றுமே நடக்காதது போல மறுபடி வண்டி ஓட்டுவான். மூலை தேடிப் போகிற பிள்ளைக்கு வரப்போவது முன்கூட்டியே தெரிகிறது என்று அர்த்தம். அந்த மூலையைக் கழிப்பறைக்கு மாற்றுவதுதான் நம் வேலை.

வீட்ல ஒருத்தர் உச்சாங்கிறார், ஒருத்தர் மூச்சாங்கிறார், என் தங்கச்சி சுச்சூங்கிறா. எதைச் சொல்லிக் கொடுக்க?

எது வேண்டுமானாலும் சரி, வீடு முழுக்க ஒரே வார்த்தையாக இருக்கட்டும். அந்த வார்த்தையை அங்கன்வாடி டீச்சரிடமும் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, கடையில் விற்கிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் இருக்கைக்கு இங்கிலீஷில் ‘பாட்டி’ (potty) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘போய் பாட்டி மேல உட்காரு’ என்று அம்மா சொல்ல, பிள்ளை நேராகப் போய் அப்பாயி மடியில் உட்கார்ந்து காரியத்தை முடித்த கதை எங்கள் லயனில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நடந்ததுதான். வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சேர் வாங்கியே ஆகணுமா? நம்ம கக்கூஸ்லயே உட்கார வைக்கக் கூடாதா?

வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. நம் ஊர்க் கழிப்பறைப் பீங்கான் பெரியவர்கள் காலுக்கு அளவெடுத்தது. இரண்டு வயதுப் பிள்ளை அதில் காலை அகட்டி வைத்தால் உள்ளே விழுந்துவிடுவோம் என்று பயப்படும், வழுக்கவும் செய்யும். உங்களைப் பார்த்தபடி உட்காரவைத்து இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கும் பயந்தால் குளியலறைத் தரையில் செய்தித்தாள் விரித்துக் குந்தவைத்து, பிறகு மலத்தைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். குந்தி உட்கார்வது மலம் சுலபமாக இறங்க நல்ல நிலை.

வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள வீடு என்றால், மேலே வைக்கும் சின்ன வளையமும் கீழே ஒரு முக்காலியும் வேண்டும். கால் தொங்கினால் முக்க முடியாது. சந்தேகம் இருந்தால் உயரமான திண்டில் கால் தொங்க உட்கார்ந்து நீங்களே முக்கிப் பாருங்கள். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ந்து இருக்கட்டும்.

கீழ்நாட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், மலையில் சொல்லியாக வேண்டும்: ஜனவரி மாதம் காலை ஆறு மணிக்கு அந்த இருக்கையில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிள்ளை ஏன் அலறுகிறது என்று தெரியும். ஒரு கப் வெந்நீர் ஊற்றித் துடைத்துவிட்டு உட்காரவையுங்கள். கால் கழுவுவதும் வெதுவெதுப்பான நீரில்தான். ‘உட்கார மாட்டேன்னு அடம்’ என்று என்னிடம் வரும் புகார்களில் பல இந்த ஒரு கப் வெந்நீரில் தீர்ந்திருக்கின்றன.

சரி, முதல் நாள் என்னதான் செய்யணும்?

நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்ததும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் 15, 20 நிமிடம் கழித்து, மதியத் தூக்கத்துக்கு முன், வெளியே கிளம்பும்போது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வயிறு நிறைந்ததும் பெருங்குடல் தானாக அசைய ஆரம்பிக்கும். சாப்பிட்டதும் பிள்ளை மூலை தேடுவது அதனால்தான்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காரவைக்க வேண்டாம். கையில் போன் கொடுக்கவே வேண்டாம், எதற்கு உட்கார்ந்தோம் என்பது மறந்துவிடும். வந்தால் ‘அடடே, சொல்லிட்டியே’ என்று கை தட்டுங்கள். வராவிட்டால் ‘சரி, அப்புறம் பார்க்கலாம்’ என்று எழுப்பிவிடுங்கள். தரையில் போய்விட்டால் துடையுங்கள், அவ்வளவுதான். சில பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் போதும், சிலருக்கு ஆறு மாதம் ஆகும்.

நல்ல காலம் என்று ஒன்று இங்கே உண்டென்றால் மார்ச் முதல் மே வரை. வெயில் இருக்கும், துணி காயும், பிள்ளை ஒரு ஜட்டியோடு ஓடலாம்.

டிசம்பர் குளிர்ல அரை மணிக்கு ஒரு தடவை போறா. கோடையில நல்லாத்தானே இருந்தா, இப்ப மட்டும் ஏன் அடம்?

அடம் என்று பெயர் வைக்குமுன் குளிரைப் பாருங்கள். குளிரில் வியர்வை இல்லை. தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடம்பின் உட்பக்கம் கூடும். சிறுநீரகம் அந்த மிகுதியான நீரை வெளியே தள்ளும். பெரியவர்களான நாமே ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில் எத்தனை தடவை எழுந்து போகிறோம்! மூன்று வயதுப் பிள்ளையின் மூத்திரப்பை கொள்வது சுமார் 120 முதல் 150 மில்லி, கிட்டத்தட்ட ஒரு டீ கிளாஸ். அது சீக்கிரம் நிறையும். கோடையில் இரண்டு மணி நேரம் என்றால் பனியில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எதிரி உடுப்பு. போன வருடம் ஒரு பெண் குழந்தை ‘டீச்சர், உச்சா’ என்று சரியாகத்தான் சொன்னது. நான் கழற்ற ஆரம்பித்தேன். மேலே தொப்பி வைத்த ஸ்வெட்டர், அதற்குள் கவுன், கீழே கம்பளிக் கால்சட்டை, நாடா முடிச்சு, அதற்குள் இன்னொரு கால்சட்டை, அப்புறம் ஜட்டி. முடிச்சை அவிழ்ப்பதற்குள் என் கையே சூடாகிவிட்டது. அந்தப் பிள்ளை மேல் என்ன தப்பு?

நாடா, பட்டன், தோள்பட்டை வைத்த கால்சட்டை எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குப் பெட்டியில் போடுங்கள். எலாஸ்டிக் வைத்த ஒரே கால்சட்டை போதும். முழங்கால் வரை கம்பளிச் சாக்ஸ், இடுப்பை மூடும் நீள ஸ்வெட்டர் போட்டால், கால்சட்டையை இறக்கினாலும் குளிராது. இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றால் மாசி பிறக்கும் வரை பொறுங்கள். ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் நிறுத்த வேண்டாம்.

மழை மாசத்துல துணியே காய மாட்டேங்குது அக்கா. எத்தனை ஜட்டிதான் வாங்கறது?

மெல்லிய பருத்தி ஜட்டி பத்து வாங்குங்கள். தடிமனாகப் பஞ்சு வைத்துத் தைத்தது வேண்டாம், ஐப்பசி மூடுபனியில் அது மூன்று நாளானாலும் ஈரமாகவே இருக்கும். கடைசி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து எடுங்கள். அரைகுறை ஈரத்தில் மாட்டினால் தொடை இடுக்கில் சிவந்து புண்ணாகிவிடும்.

ஒன்றைக் கோபமாகவே சொல்கிறேன். துணி காய வைக்கவோ குளிர் காயவோ கரி அடுப்பைப் படுக்கிற அறைக்குள் வைத்துக் கதவை மூடாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். நனைந்த ஜட்டியால் உயிர் போகாது.

டயப்பர் போட்டே வளர்த்தா லேட் ஆகுமா?

கொஞ்சம் ஆகும். உள்ளே இருக்கும் பசை போன்ற பொருள் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடுவதால், போனதே பிள்ளைக்குத் தெரியாது. நனைந்தால்தானே நெளியும்? அதனால் முதலில் பகலில், வீட்டில் இருக்கும் நேரத்தில் டயப்பரை எடுத்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் போகிற அன்று போட்டுக்கொண்டால் குற்றமில்லை. நான் என் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறேன்.

கழற்றியதை ஓடையில் வீசாதீர்கள். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, செய்தித்தாளில் சுற்றிக் குப்பை வண்டியில் கொடுங்கள். சின்னப் பிள்ளை மலம்தானே என்று பலர் நினைக்கிறார்கள், அதிலும் பேதிக் கிருமி இருக்கும். நம் ஓடைத் தண்ணீர் கீழே பவானியில் போய்ச் சேருகிறது, வழியில் எத்தனையோ பேர் குடிக்கிறார்கள். கால் கழுவிவிட்டபின் உங்கள் கையையும் பிள்ளையின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எங்க லயன்ல கக்கூஸ் வெளியில. ராத்திரி கரடி வருது, காட்டெருமை நிக்குது. எப்படிக் கூட்டிட்டுப் போறது?

போக வேண்டாம். இது வீண் பயம் கிடையாது. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியோ அந்தச் சின்ன இருக்கையோ வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் வையுங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர், பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. விடிந்ததும் கழிப்பறையில் கொட்டிக் கழுவிவிடலாம். பழக்கம் கெட்டுவிடாது. பிள்ளை சொல்லிவிட்டு ஓர் இடத்தில் போகிறதே, அதுதான் பழக்கம்.

ஆனால் சோறு ஊட்டவும் தூங்க வைக்கவும் ‘கரடி வந்துடும்’ என்று மிரட்டுவதை விட்டுவிடுங்கள். வேறு ஊரில் அது கதை, இங்கே பிள்ளை நிஜக் கரடியை டீச்செடிக்குள் பார்த்திருக்கும். கக்கூஸ் பக்கம் போகாமல் இருக்க யாரோ ஒரு பெரியம்மா ‘அங்க கரடி உட்கார்ந்திருக்கு’ என்று சொல்லப்போய், ஒரு பெண் குழந்தை காலை ஒன்பதிலிருந்து நான்கு மணி வரை அடக்கிக்கொண்டு இருந்தது. என்ன கேட்டும் பேசவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, நான்கு மூலையும் காட்டினேன். ‘பக்கெட்டுக்குள்ள?’ என்று கேட்டாள். பக்கெட்டையும் கவிழ்த்துக் காட்டியபிறகுதான் உட்கார்ந்தாள்.

ஒண்ணுக்கு சொல்லிடறான். ரெண்டுக்கு மட்டும் ஜட்டியிலதான். ஏன்?

நிறையப் பிள்ளைகள் இப்படித்தான். தன் உடம்பிலிருந்து ஒன்று விழுவதே சிலருக்குப் பயம், அதைத் தண்ணீர் ஊற்றி அனுப்புவது இன்னும் பயம். அவன் எந்த மூலைக்குப் போகிறான் என்று பாருங்கள். முதலில் ஜட்டியோ டயப்பரோ போட்டபடியே கழிப்பறைக்குள் நின்று போகட்டும். அடுத்த வாரம் அதே இடத்தில் உட்கார்ந்து. அப்புறம் கழற்றிவிட்டு. அவன் வெளியே போனபிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

இதெல்லாம் செய்தும் நகரவில்லை என்றால், மலம் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அடுத்த பதில் உங்களுக்குத்தான்.

மூணு நாளா போகலை. அடக்கி அடக்கி வைக்குது. பாட்டி விளக்கெண்ணெய் குடுக்கச் சொல்றாங்க, வெத்தலைக் காம்பு வைக்கச் சொல்றாங்க.

இரண்டும் வேண்டாம். சோப்புத் துண்டு வைப்பதும் வேண்டாம். ஏற்கனவே வலிக்குப் பயந்து அடக்குகிற பிள்ளையின் பின்பக்கம் எதையாவது செருகினால் பயம் இரட்டிப்பாகும். விளக்கெண்ணெய் பேதியாகப் பிடுங்கி வயிற்றை வலிக்கவைக்கும்.

நடப்பது இதுதான்: ஒரு நாள் கெட்டியாகப் போய் வலிக்கிறது. மறுநாள் பிள்ளை அடக்குகிறது. அடக்க அடக்கப் பெருங்குடல் அதிலிருக்கும் நீரை உறிஞ்சுகிறது, மலம் இன்னும் இறுகுகிறது. அடுத்த தடவை இன்னும் வலி. காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்க நெளிவதைப் பார்த்து ‘பாவம், முக்குது’ என்பார்கள். பல சமயம் அது முக்குவதில்லை, வெளியே வந்துவிடாமல் இறுக்கிப் பிடிப்பது.

குளிரில் பிள்ளை தண்ணீர் கேட்பதில்லை, நாமும் கொடுப்பதில்லை. வெதுவெதுப்பாக ஒரு டம்ளர், அடிக்கடி கொடுங்கள். பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், பாலிலேயே வயிறு நிறைகிற பிள்ளை காய் தின்னாது. நம் மலையிலேயே மருந்து விளைகிறது. பேரிக்காயைத் தோலோடு கொடுக்கலாம். பிளம்ஸ் வரும் காலத்தில் நன்றாகப் பழுத்ததைக் கொட்டை எடுத்துக் கொடுங்கள். இரண்டிலும் மலத்தை இளக்கும் ஒருவகைச் சர்க்கரை உண்டு. ஊறவைத்த உலர் திராட்சையைப் பிசைந்து கொடுங்கள். பீன்ஸ், கீரைக்கு நமக்கென்ன பஞ்சம்? இதிலும் சரியாகவில்லை என்றால் டாக்டர் மலத்தை இளக்கும் சிரப் தருவார். இரண்டு நாள் நன்றாகப் போனதும் அதை நிறுத்திவிடாதீர்கள். வலித்த ஞாபகம் மறைய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அவர் சொல்லும் வரை கொடுங்கள்.

பேதி மாதிரி ஜட்டியில கொஞ்சம் கொஞ்சமா கறை. ஆனா சரியாப் போறதும் இல்லை. இது என்ன வியாதி?

பெரும்பாலும் மேலே சொன்ன மலச்சிக்கலின் அடுத்த கட்டம். உள்ளே கட்டியாக அடைத்துக்கொண்டிருக்க, அதைச் சுற்றி நீர்த்த மலம் கசிகிறது. பிள்ளைக்கே தெரியாமல் வருவது, திட்டிப் பயனில்லை. பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்துப் பார்க்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்க பாப்பா டீ இல்லாம இருக்க மாட்டா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. டீயில் இருக்கும் கஃபீன் மூத்திரத்தைக் கூட்டும், தூக்கத்தைக் குறைக்கும். சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச் சத்தும் உடம்பில் சரியாகச் சேராது. தேயிலை பறிக்கிற வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை கையிலும் டம்ளர் இருப்பது எனக்குத் தெரியும், என் வீட்டிலும் இருந்தது. சாயங்கால டீயையாவது நிறுத்துங்கள்.

பையன் நின்னுக்கிட்டுப் போகணுமா, உட்கார்ந்தா? *(கேட்டவர் ஓர் அப்பா)*

முதலில் உட்கார்ந்து. ஒண்ணுக்குப் போக உட்காரும்போதே ரெண்டுக்கும் வந்துவிடும், ஒரே பாடமாகிவிடும். பிறகு உங்களைப் பார்த்து அவனே நிற்கப் பழகுவான். நுனித்தோலைப் பலவந்தமாகப் பின்னால் தள்ளிச் சுத்தம் செய்ய வேண்டாம். சின்ன வயதில் அது ஒட்டியிருப்பது இயற்கை.

பொண்ணு நல்லாப் பழகிட்டா. ரெண்டு நாளா அடிக்கடி ஓடறா, எரியுதுங்குறா.

மூத்திரத்தில் கிருமித் தொற்று இருக்கலாம். எரிச்சல், துர்நாற்றம், காரணம் தெரியாத காய்ச்சல், பழகிய பிள்ளை திடீரென்று நனைப்பது, இதில் எது வந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ச் சிறுநீர் பரிசோதனை செய்துவிடுங்கள். வெயிட் பண்ணிப் பார்க்கிற விஷயம் இல்லை இது.

கால் கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும். பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் மலக்கிருமி மூத்திரத் துவாரத்துக்குப் போகும். பகலெல்லாம் அடக்கிவைப்பதும் மலச்சிக்கலும் இதற்குக் காரணமாகும். கரடிக்குப் பயந்த பிள்ளையின் கதையைச் சும்மா சொல்லவில்லை.

தம்பி பிறந்ததுல இருந்து மறுபடியும் ஜட்டியிலயே போறா. வேணும்னே செய்யறாளா?

வேண்டுமென்று என்று சொல்ல முடியாது. நனைத்துக்கொண்டு கிடக்கிற தம்பியைத்தான் எல்லோரும் கொஞ்சுகிறார்கள் என்பதை அவள் பார்க்கிறாள். வீடு மாறினாலும், அம்மா மறுபடி வேலைக்குப் போனாலும், காய்ச்சலில் படுத்து எழுந்தாலும் இப்படி ஆகும். பழைய நேரப்படி மறுபடி உட்காரவையுங்கள், தினம் கொஞ்ச நேரம் தம்பி இல்லாமல் அவளோடு மட்டும் இருங்கள். சில வாரத்தில் திரும்பிவிடும். எரிச்சல், மலச்சிக்கல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

ரெண்டு அடி போட்டாத்தான் கேட்குது. சூடு வெச்சிடுவேன்னு சும்மா மிரட்டுவேன், அவ்வளவுதான்.

கேட்கிறது என்று நினைக்கிறீர்கள். அடி வாங்கிய பிள்ளை கற்றுக்கொள்வது ஒளிந்துகொள்வதை. அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் போகும், நனைந்த ஜட்டியைச் சுருட்டி ஒளிக்கும், அப்புறம் அடக்கும். அடக்கினால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். கரண்டியைக் காய்ச்சிக் காட்டுவது மிரட்டலாகக்கூட வேண்டாம். நாற்பது வயதில் அதை ஞாபகம் வைத்துச் சொல்கிற பெண்கள் எனக்குத் தெரியும்.

பகல்ல ஒரு பிரச்சினையும் இல்ல. அஞ்சு வயசாகியும் ராத்திரி படுக்கையை நனைக்கிறான். சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகவே வெட்கமா இருக்கு.

பகலும் இரவும் தனித்தனிக் கணக்கு. ஐந்து வயதில் நூறு பிள்ளைகளில் சுமார் 15 பேர் இரவில் நனைக்கிறார்கள். வருடம் ஏற ஏறத் தானாகக் குறையும். இரவில் மூத்திரம் சுரப்பதைக் குறைக்க மூளை ஒரு ஹார்மோன் அனுப்பும். சிலருக்கு அது தாமதமாகத்தான் போதுமான அளவு சுரக்கும். அதோடு ஆழ்ந்த தூக்கம். தூங்குகிற பிள்ளையைத் திட்டி என்ன பயன்? இது குடும்பத்திலும் வரும். அம்மா, அப்பா யாராவது ஒருவர் சின்ன வயதில் நனைத்திருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டுக்காரரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

தண்ணீரைப் பகலில் தாராளமாகவும் படுக்கும் முன் ஒன்றிரண்டு மணி நேரம் குறைவாகவும் கொடுங்கள். படுக்கும்போது ஒரு தடவை கூட்டிப்போங்கள். நடுராத்திரி எழுப்பிக் கொண்டுபோவது அன்றைய படுக்கையைக் காப்பாற்றும், பழக்கத்தைக் கொடுக்காது. நம் ஊரில் நிஜமான கஷ்டம் கம்பளிதான், நனைந்தால் வாரக்கணக்கில் காயாது. மெத்தை மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய வேட்டி நான்காக மடித்தது. போர்த்தும்போது பிள்ளைக்கும் கம்பளிக்கும் நடுவில் ஒரு பருத்திப் போர்வை. ராத்திரி நனைந்தால் வேட்டியையும் போர்வையையும் உருவினால் போதும். ஏழு வயதிலும் தொடர்ந்தால் டாக்டரிடம் போங்கள். நனைந்ததும் ஒலிக்கும் அலாரம், மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன.

ராத்திரி பின்பக்கம் சொறியுறான், தூக்கமே இல்லை.

கீரிப்பூச்சியாக இருக்கும். பெண் பூச்சி ராத்திரியில் வெளியே வந்து முட்டை இடுவதால்தான் அந்த நேரத்து அரிப்பு. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து மருந்து சாப்பிட வேண்டியிருக்கும், டாக்டரைக் கேளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அங்கன்வாடியில் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். ஒரு வயதிலிருந்தே தருகிறார்கள்.

ஜூன்ல எல்கேஜி. பழகாத புள்ளையைச் சேர்க்க மாட்டோம்னு சொல்றாங்க. ரெண்டு மாசத்துல முடியுமா?

மேலே சொன்ன அடையாளங்கள் இருந்தால் முடியும், ஏப்ரல் மே மாதம் உங்களுக்கு உதவும். வீட்டில் வெஸ்டர்ன், பள்ளியில் குந்துவது என்று இருந்தால் இரண்டையும் பழக்குங்கள். ‘மிஸ், உச்சா’ என்று கையைத் தூக்கிச் சொல்ல வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். சீருடைக் கால்சட்டையில் பட்டன் இருந்தால் தையல்காரரிடம் கொடுத்து எலாஸ்டிக் வைத்துவிடுங்கள். பையில் மாற்று உடுப்பு ஒரு செட்.

எங்கள் காப்பகத்திலிருந்து போன ஒரு பையனை முதல் வாரமே, நனைத்துவிட்டான் என்று ஈரக் கால்சட்டையோடு வராந்தாவில் உட்காரவைத்திருந்தார்கள், ஜூலை மாத மழையில். அவன் அம்மா போய்ச் சண்டை போட்டாள். நானும் கூடப் போனேன். நீங்களும் போங்கள்.

டாக்டர்கிட்ட எப்போ போயே ஆகணும்?

நான்கு வயது தாண்டியும் பகலில் கட்டுப்பாடு வரவில்லை என்றால். மலத்தில் ரத்தம், மூத்திரம் சொட்டுச் சொட்டாக வருவது, எந்நேரமும் கசிவது, இடுப்புக்கு மேல் முதுகுத்தண்டில் குழியோ முடிக்கொத்தோ இருப்பது, கால் பலவீனம் என்றால் வயது பார்க்க வேண்டாம். இன்னொன்றை மறக்காதீர்கள்: நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று ஓயாமல் தண்ணீர் குடித்து, ஓயாமல் மூத்திரம் போய், மெலிந்தும் வந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கும் சர்க்கரை நோய் வரும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

கடைசியா ஒண்ணு டீச்சர். உங்க பிள்ளைங்க எப்போ பழகுச்சு?

மூத்தவள் இரண்டு வயது நான்கு மாதத்தில். இளையவன் மூன்றேகால். பகலெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதே பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவன் ஜட்டியை அலசிக்கொண்டிருந்தேன். ராத்திரி மட்டும் ஏழு வயது வரை நனைத்தான். அவன் அப்பாவும் அப்படித்தானாம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு நாள், வேட்டியை நான்காக மடித்துக்கொண்டே மாமியார் சொன்னார்.